மின்சுற்று: தேர்வில் இரண்டு படம், வீட்டில் ஒரே படம்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி, கியா பார்ம் பக்கமாக இரவில் போனவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் பூந்தோட்டக் கூடாரங்கள், உள்ளே வரிசை வரிசையாகப் பல்புகள். தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்கே தீபாவளி வந்துவிட்டது போலிருக்கும். ஆனால் அந்த விளக்குகளை அழகுக்காகப் போடுவதில்லை. இரவு நீண்டால் செவ்வந்திச் செடி சீக்கிரமே மொட்டு விட்டுவிடும். தண்டு குட்டையாக நின்றுவிடும். இரவிலும் வெளிச்சம் காட்டினால், பகல் முடியவில்லை என்று ஏமாந்து செடி உயரமாக வளரும். தண்டு போதிய நீளம் வந்த பிறகு விளக்கை நிறுத்துவார்கள். செடி பூக்கத் தொடங்கும்.

அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது, மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். ஏதாவது ஒரு வரிசையில் ஒரு பல்பு கெட்டுப்போய் இருண்டிருக்கும். அதற்கு முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் எப்போதும்போல் எரிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு பல்புக்கும் மின்னோட்டம் போய்வரத் தனி வழி இருப்பதே காரணம். இதுதான் இணை மின்சுற்று. தமிழகப் பாடநூல்கள் இதைப் பக்க இணைப்பு என்கின்றன. இலங்கையில் சமாந்தரச் சுற்று என்பார்கள். நம் இடைநிலைப்பள்ளியில் இதன் பெயர் லித்தார் செலாரி. ஒரே வழியில் எல்லாப் பல்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் அது தொடர் மின்சுற்று, அதாவது லித்தார் பெர்சிரி. அதில் ஒரு பல்பு போனால் எல்லாமே இருண்டுவிடும்.

தமிழ்ப்பள்ளியில் தமிழில் ஒரு முறை, படிவம் 2 அறிவியலில் மலாயில் ஒரு முறை, இயற்பியல் எடுத்தவர்கள் படிவம் 5-இல் மேலும் ஒரு முறை என்று இந்தப் பாடத்தை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். ஆனாலும் நம் வீட்டுச் சுவரில் செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் வயர் எப்போது ஆபத்தாகும் என்று கேட்டால், பலரிடம் பதில் இருப்பதில்லை. குறை மாணவரிடம் இல்லை. நாம் பாடத்தைப் பிரித்து வைத்திருக்கும் முறையில் இருக்கிறது என்பது என் கருத்து.

இரண்டு படம், இரண்டு மனப்பாடம்

புத்தகத்தில் இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம். இடப்பக்கப் படத்தின் கீழ்: தொடரில் மின்னோட்டம் எங்கும் சமம், மின்னழுத்தம் பிரியும். வலப்பக்கப் படத்தின் கீழ்: இணையில் மின்னழுத்தம் சமம், மின்னோட்டம் பிரியும். அடுத்து 'நன்மை, தீமை' அட்டவணை. தொடர் என்றால் தீமை, இணை என்றால் நன்மை. வீடுகளில் இணைச் சுற்றுதான் பயன்படுகிறது. இதை எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். எழுதியது எதுவும் பொய்யில்லை. ஆனால் உண்மையான வீட்டில் இந்த இரண்டு படங்களும் தனித்தனியாக இருப்பதே கிடையாது. ஒவ்வோர் இணைச் சுற்றுக்கும் முன்னால், எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக ஒரு வயர் நிற்கிறது. கிளைகள் எல்லாவற்றின் மின்னோட்டமும் கூடி அந்த ஒரே வயர் வழியாகத்தான் போய்வர வேண்டும். அந்தப் பொது வயர் கிளைகளோடு தொடரில் இருக்கிறது. தீ பிடிப்பதும் பிளக் உருகுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டும் ஒன்றாக இயங்குவதைப் பார்க்க நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கேமரன் மலையின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் 1960-களில் கட்டப்பட்டது. மலையில் இறங்கும் நீர் ஹாபு நிலையத்தில் ஒரு முறை சுழலியைச் சுற்றிவிட்டு ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து சுரங்கப் பாதையில் இறங்கி ஜோர் நிலையம், பிறகு வோ நிலையம், கடைசியாக ஓடாக் நிலையம். மலையின் மொத்த உயரத்தை நிலையங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரே நீர் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் கடக்கிறது. இது தொடர். ஆனால் ஜோர் நிலையத்துக்குள் போனால் 25 மெகாவாட் சுழலிகள் நான்கு இருக்கின்றன. நான்குக்கும் நீர் விழும் உயரம் ஒன்றே. நீர் மட்டும் நான்காகப் பிரிகிறது. ஒன்றைப் பழுது பார்க்க நிறுத்தினாலும் மற்றவை ஓடும். இது இணை. உயரத்தை மின்னழுத்தமாகவும் நீரோட்டத்தை மின்னோட்டமாகவும் எண்ணிப் பாருங்கள். வழியில் வேறு ஆறுகளின் நீரும் சேர்வதால் இந்த உவமை முழுமையானதல்ல. ஆனால் இணைச் சுற்று ஒன்று தொடர்ச் சுற்றுக்குள்ளே உட்கார்ந்திருப்பதை இதைவிடப் பெரிய அளவில் வேறு எங்கே பார்ப்பது?

சோதனையில் வந்த 'பிழை'

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு விஷயம் நடக்கும். மின்கலத்தோடு ஒரு டார்ச் பல்பை இணைத்து எரிய விடுகிறோம். பக்கத்தில் இன்னொன்றை இணையில் சேர்க்கிறோம், பிறகு மூன்றாவது. முதல் பல்பின் வெளிச்சம் மாறாது என்கிறது புத்தகம். ஆனால் கண்ணுக்கு முன்னால் அது கொஞ்சம் மங்குகிறது. பழைய மின்கலமாக இருந்தால் நன்றாகவே மங்கும். "இது சோதனைப் பிழை, புத்தகத்தில் உள்ளதை எழுது" என்று நண்பர் சொல்வார். நாமும் 'வெளிச்சம் மாறவில்லை' என்று எழுதிவிட்டு வருவோம்.

அந்த மங்கல் ஒரு பிழையே அல்ல. மின்கலத்துக்குள் ஒரு மின்தடை இருக்கிறது. இணைக்கும் வயருக்கும் கொஞ்சம் மின்தடை இருக்கிறது. பல்புகள் கூடக் கூட, பொது வழியில் போகும் மின்னோட்டம் கூடுகிறது. அந்த வழியிலேயே மின்னழுத்தத்தில் ஒரு பகுதி செலவாகிறது. மிச்சம்தான் பல்புகளுக்கு. வோல்ட்மீட்டரை மின்கலத்தின் இரு முனைகளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்பாகச் சேர்த்துப் பாருங்கள், முள் இறங்குவது தெரியும். படிவம் 5-இல் அக மின்தடை என்று படிப்பது இதைத்தான். ஆனால் அதை வேறொரு தலைப்பாகப் படித்து, வேறொரு சூத்திரமாக மனப்பாடம் செய்வதால், படிவம் 2-இல் கண்ட அந்த மங்கிய பல்போடு நம் மனம் அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

தோட்டத்துக்கோ கடைக்கோ நீண்ட வயர் இழுக்கும் இடத்தில் இதுவே பெரிதாகத் தெரியும். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 40 மீட்டர் தூரம் இழுத்தால், போக 40, வர 40 என 80 மீட்டர். அதன் மின்தடை ஏறக்குறைய 1 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் வழியில் 1 வோல்ட் போகும், யாருக்கும் தெரியாது. 10 ஆம்பியர் ஓடினால் 10 வோல்ட் போகும். கூடவே வயர் நெடுக 100 வாட் வெப்பம். பத்து மடங்கு மின்னோட்டத்துக்கு நூறு மடங்கு வெப்பம், ஏனென்றால் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். வயர் நீண்டு கிடந்தால் இந்தச் சூடு காற்றில் போய்விடும். மிச்ச வயரைச் சுருட்டிக் கட்டி மூலையில் வைத்தால் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும்.

ஒரு குளிர் இரவின் கணக்கு

ஐயாயிரம் அடிக்கு மேல் உள்ள கியா பார்மில் இரவுக் குளிர் நன்றாகவே இறங்கும். ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அதில் ஓர் எக்ஸ்டென்ஷன். தேநீருக்கு 2000 வாட் கெட்டில், சோற்றுக்கு 700 வாட் குக்கர், குளிருக்கு 1500 வாட் ஹீட்டர். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்.

கெட்டில் 8.7 ஆம்பியர், குக்கர் 3 ஆம்பியர், ஹீட்டர் 6.5 ஆம்பியர். மூன்றும் இணையில் இருப்பதால் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை முழுதாக எடுத்துக்கொள்ளும். ஒன்று மற்றொன்றுக்காக விட்டுக்கொடுக்காது. கூட்டினால் 18 ஆம்பியருக்கு மேல். நம் மூன்று முனைப் பிளக் தாங்குவது 13 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 3000 வாட். பிளக் துவாரம் காலியாக இருக்கிறது என்பதற்காக வயரில் இடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நான்கு துவாரம் உள்ள எக்ஸ்டென்ஷன் நான்கு மடங்கு மின்சாரம் தருவதில்லை. நான்கு பேரின் சுமையை ஒரே பிளக்கின் தலையில் வைக்கிறது.

இப்போது அந்தப் பிளக் பழசாகி, முள் கொஞ்சம் தளர்ந்து, தொடும் இடத்தில் 0.1 ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கெட்டில் மட்டும் ஓடும்போது அந்த இடத்தில் 7.6 வாட் வெப்பம். மூன்றும் ஓடும்போது 33 வாட். ஈயத்தை உருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 30 வாட்தான். சுவருக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி வைத்துவிட்டு நாம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

"எம்.சி.பி. இருக்கிறதே, அது விழுந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். அந்த வழிக்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால், 18 ஆம்பியர் அதன் கணக்கில் குற்றமே இல்லை; அது அசையாது. அதன் வேலை சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பது. பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் பியூஸும் 18 ஆம்பியரில் உடனே போய்விடாது. நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடும். அந்த இடைவெளியில் நம்மைக் காப்பாற்ற வேண்டியது, வாட்டைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த ஒரு மனிதர். பல வீடுகளில் அந்தக் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் படிவம் 2 படிக்கும் பிள்ளைதான்.

தொடர் இணைப்பு தீமையா?

'நன்மை, தீமை' அட்டவணை செய்யும் இன்னொரு தவறு, தொடர் இணைப்பைப் பழைய தீபாவளி லிப் லாப் விளக்குக்கு மட்டும் உரியது என்று நினைக்க வைப்பது. நம்மைக் காக்கும் கருவிகள் எல்லாம் தொடரில்தான் இருக்கின்றன. சுவிட்ச் தொடரில் இருப்பதால்தான் அதை அணைத்தால் விளக்கு அணைகிறது. பியூஸும் எம்.சி.பி.யும் தொடரில் இருப்பதால்தான், ஓர் இடத்தில் துண்டித்தால் முழு வழியும் நிற்கிறது. 'ஒன்று போனால் எல்லாம் போகும்' என்று தேர்வில் தீமையாக எழுதும் அதே குணம், ஆபத்து நேரத்தில் உயிர் காக்கிறது.

மின்கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இன்னும் அழகான எடுத்துக்காட்டு. 'தொடரில் மின்னோட்டம் எங்கும் சமம்' என்ற விதியை அது நொடிக்கு நொடி சரிபார்க்கிறது. வீட்டுக்குள் போன மின்னோட்டமும் திரும்பி வந்ததும் சமமா என்று ஒப்பிடுகிறது. 30 மில்லியாம்பியர் கருவியாக இருந்தால், வித்தியாசம் அந்த அளவை எட்டுவதற்குள் வழியைத் துண்டித்துவிடும். ஏனென்றால் அந்த வித்தியாசம் யாருடைய உடம்பு வழியாகவோ நிலத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். மழையும் ஈரமும் நிறைந்த மலையில், ஈரக் கையோடு காய்கறி கழுவி அடுக்கும் கடைகளில், இதன் அருமை அதிகம். ஆனால் மூன்று சாதனங்களை ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினால் இது விழாது. போனதும் வந்ததும் அப்போதும் சமம்தானே! எது எதைக் காக்கும், எதைக் காக்காது என்று பிரித்தறிய, தொடரும் இணையும் சேர்ந்து புரிய வேண்டும்.

எடிசன் யோசித்தது, ராவாங்கில் நடந்தது

இந்தப் பொது வயர்ப் பிரச்சினை மின்விளக்கு பிறந்தபோதே பிறந்தது. எடிசனுக்கு முன் தெருக்களில் எரிந்த வில் விளக்குகளைப் பெரும்பாலும் தொடரில் இணைத்தார்கள். வீடுகளில் அது நடக்காது; பக்கத்து வீட்டுக்காரர் விளக்கை அணைத்தால் நம் வீடும் இருண்டுவிடும். இணையில் கொடுத்தால் எல்லா வீட்டு மின்னோட்டமும் பொது வயரில் கூடும். அதைத் தாங்க மிகத் தடித்த செம்பு வேண்டும், செலவு தாங்காது. எடிசன் கண்ட வழி, பல்பின் இழையை அதிக மின்தடை உள்ளதாகச் செய்வது. ஒவ்வொரு பல்பும் குறைந்த மின்னோட்டம் எடுத்தால் பொது வயர் மெல்லியதாக இருக்கலாம். 1882 செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது.

அதற்கு 12 ஆண்டுகள் கழித்து, 1894-இல், சிலாங்கூரில் உள்ள ராவாங் ஈயச் சுரங்கத்தில் மின் இயந்திரம் நிறுவப்பட்டது. நம் நாட்டில் மின் உற்பத்தியைப் பற்றிய மிகப் பழைய பதிவு அதுவே. நிறுவியவர்கள் லோக் இயூவும் கே. தம்புசாமி பிள்ளையும். பத்துமலைக் கோயிலோடு சேர்த்தே நாம் நினைக்கும் அதே தம்புசாமி பிள்ளைதான். மின்சாரம் நமக்குப் புதிய பாடமோ அந்நியப் பாடமோ இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மறுப்பும் பதிலும்

"வயரிங் வேலை வயர்மேனுக்கு, மாணவருக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். வயரிங்கைத் தொட உரிமம் உள்ளவர்தான் வேண்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் வயர்மேன் வேலையை முடித்துப் போன பிறகு எதை எங்கே செருகுவது என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுப்பது நாம். "தேர்வுக்கே நேரம் போதவில்லை" என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்தச் சுமை உண்மையானது. ஆனால் நான் கேட்பது புதிய அத்தியாயம் அல்ல. இருக்கும் இரண்டு படங்களுக்கு இடையில் ஒரே ஒரு கோடு: இணைச் சுற்றுக்கு முன்னால் ஒரு சிறிய மின்தடையை வரைந்து, "கிளைகள் கூடினால் இங்கே என்ன ஆகும்?" என்று ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்வி தேர்வுத்தாளிலும் வரத் தொடங்கினால், மனப்பாடம் தானாகவே கொஞ்சம் குறையும்.

பள்ளிக்காகக் காத்திருக்காமல் மாணவர்கள் இந்த வார இறுதியிலேயே ஒரு வேலை செய்யலாம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வோர் எக்ஸ்டென்ஷனிலும் செருகியுள்ள சாதனங்களின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை எழுதிக் கூட்டுங்கள், 230-ஆல் வகுத்துவிடுங்கள். 13-ஐத் தாண்டினால் ஒன்றை வேறு சுவர்ப் பிளக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். கெட்டில், ஹீட்டர் போன்ற சூடாக்கும் சாதனங்களை நேராகச் சுவரிலேயே செருகச் சொல்லுங்கள். ஓடி முடித்த பிளக்கைச் சுவிட்ச் அணைத்துக் கழற்றும்போது அது சூடாக இருக்கிறதா, பழுத்து நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சுருட்டிக் கட்டிய வயரை அவிழ்த்து விடுங்கள். வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழ வேண்டும். விழாவிட்டால் பெற்றோரிடம் சொல்லி வயர்மேனை அழையுங்கள். சோதனைகளை டார்ச் பல்போடும் மின்கலத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். சுவர் மின்சாரத்தில் வேண்டாம்.

முன்பு பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஜெனரேட்டர் மின்சாரம் வந்த காலத்தைத் தாத்தா பாட்டிகள் இன்றும் சொல்வார்கள். ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு பல்பு. கணக்குப் பார்க்க அன்று ஒன்றும் இல்லை. இன்று அதே குடும்பங்களின் வீட்டில் ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு நான்கு பிளக். வசதி வந்த வேகத்தில் கணக்கு வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவர வேண்டியது புத்தகப் பையோடு வீட்டுக்குள் நுழையும் பிள்ளை. இன்று இரவு அம்மா கெட்டிலைச் செருகும்போது, அதே வயரில் இன்னும் என்னவெல்லாம் ஓடுகிறது என்று ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.